கோல் கோட்டை ஒட்டிப் போயும் பந்து ஏன் உள்ளே போவதில்லை?

"மாமா, இவ்வளவு கிட்டப் போயிட்டேன், அப்பவும் ஏன் உள்ள போகல?" என்று என் அக்கா மகன் கண்ட்ரோலரை மடியில் போட்டுக்கொண்டு கேட்டான். திரையில் அவனுடைய வீரர் வலது ஓரமாகவே ஓடி, மைதானத்தின் கடைசி எல்லையைத் தொட்டுவிடும் தூரத்துக்கு வந்து, அங்கிருந்தே ஓங்கி உதைத்திருந்தார். பந்து கோல்கீப்பரின் முழங்காலில் பட்டு வெளியே போயிருந்தது. ஒரே ஆட்டத்தில் நான்காவது முறையாக இப்படி நடந்ததால், அவனுக்குத் தன் விரல்கள் மீதிருந்த நம்பிக்கை போய், விளையாட்டின் மீதே சந்தேகம் வந்துவிட்டது.

இந்தச் சந்தேகம் அவனுக்கு மட்டும் உரியதன்று. கால்பந்து வீடியோ கேம் ஆடுபவர்கள் கூடும் இடங்களிலெல்லாம், கோலுக்கு மிக அருகில் தவறிய பந்தைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. தன் பந்து தடுக்கப்பட்டால், கோல்கீப்பரைக் கணினி வேண்டுமென்றே பலமாக்கிவிட்டது என்பார்கள். எதிராளி அதே இடத்திலிருந்து பந்தை உள்ளே தள்ளி இன்னொருவரை வைத்துக் கோல் போட்டால், அது மலிவான வழி என்பார்கள். உண்மையில் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கோலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பதைவிட, அங்கிருந்து கோல் எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதும், கோல்கீப்பருக்கு நகர எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதுமே பந்தின் விதியைத் தீர்மானிக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பள்ளியில் படித்த கோணம் போதும்.

முதலில், எந்தக் கோடு?

கால்பந்து மைதானம் ஒரு செவ்வகம். அதன் நீளமான இரண்டு ஓரங்களுக்குத் தொடுகோடுகள் என்றும், குறுகிய இரண்டு ஓரங்களுக்குக் கோல் கோடுகள் என்றும் பெயர். இரு கம்பங்களுக்கு இடையே உள்ள பகுதியை மட்டுமே பலர் கோல் கோடு என்று நினைக்கிறார்கள். ஆட்ட விதிகளின்படி, ஒரு மூலைக் கொடியிலிருந்து மறு மூலைக் கொடி வரை செல்லும் முழுக் கோடும் கோல் கோடுதான். சர்வதேச ஆட்டங்களில் அதன் நீளம் 64 முதல் 75 மீட்டர் வரை இருக்கலாம். பெரிய அரங்குகளில் 68 மீட்டர் என்பதே வழக்கம். அதன் நட்டநடுவில் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்ட கோல் நிற்கிறது. ஆகவே 68 மீட்டர் கோட்டில் சுமார் 60 மீட்டருக்கும் மேற்பட்ட பகுதி, பந்து தாண்டினால் கோல் ஆகாத பகுதி. "கோட்டருகே போய்விட்டேன்" என்பது "கோலருகே போய்விட்டேன்" என்று பொருள்படாது.

இன்னொரு அளவையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கோல் முன்னே இரண்டு பெட்டிகள் வரையப்பட்டிருக்கும். சிறிய பெட்டி கோட்டிலிருந்து 5.5 மீட்டர் வரையும், பெனால்டி பகுதி எனப்படும் பெரிய பெட்டி 16.5 மீட்டர் வரையும் நீளும். பெனால்டி புள்ளி 11 மீட்டரில் இருக்கிறது. இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி, ஈஃபுட்பால் போன்ற இன்றைய விளையாட்டுகள் இந்த அளவுகளையே திரையில் வைத்திருப்பதால், மைதானத்துக்குப் பொருந்தும் கணக்கு திரைக்கும் பொருந்துகிறது.

பந்து முழுவதும் கோடு முழுவதையும் தாண்டினால்தான் கோல். பாதிப் பந்து தாண்டியது கணக்கில் வராது. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தெளிவாகத் தாண்டியும் நடுவர் கோல் தரவில்லை. கோல் கோட்டுத் தொழில்நுட்பம் 2014 உலகக் கோப்பைக்கு வந்ததில் அந்த நிகழ்வுக்குப் பெரிய பங்கு உண்டு. வீடியோ கேமில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. பந்தின் இடத்தைக் கணினி ஒவ்வொரு கணமும் எண்ணாகவே வைத்திருக்கிறது.

கேரம் பலகை சொல்லித்தரும் கோணம்

கேரம் ஆடியவர்களுக்கு இது உடனே விளங்கும். பாக்கெட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு காய் கிடக்கிறது. பலகையின் நடுவில் இன்னொரு காய், பாக்கெட்டுக்கு நேராகக் கிடக்கிறது. தூரம் பார்த்தால் முதல் காய்தான் அருகில். ஆனாலும் அனுபவசாலி நடுவில் உள்ள காயைத்தான் முதலில் அடிப்பார். சட்டத்தை ஒட்டிய காயை அடிக்க வாகான கோணம் கிடைப்பது கடினம்.

வீட்டுச் சுவரோடு முதுகை ஒட்டி நின்று, அதே சுவரில் உள்ள சன்னலைப் பாருங்கள். இரண்டடி தூரத்தில் இருந்தாலும் சன்னலின் விளிம்பு மட்டுமே கண்ணுக்குப் படும். அறையின் எதிர்மூலைக்குப் போய்ப் பார்த்தால், தூரம் கூடியிருந்தும், முழுச் சன்னலும் திறந்து தெரியும். கோலும் இப்படி ஒரு சன்னல்தான். கோல் கோடு அந்தச் சன்னல் இருக்கும் சுவர்.

நாம் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு கம்பங்களுக்கும் இரண்டு கோடுகள் வரைந்தால், அவற்றுக்கு இடையே உருவாகும் கோணத்தை இந்தக் கட்டுரையில் திறப்புக் கோணம் என்று அழைப்போம். இதை எண்ணாகவே பார்த்துவிடலாம். கோலின் நடுப்பகுதிக்கு நேரே, பெனால்டி பகுதியின் விளிம்பில், அதாவது 16.5 மீட்டர் தூரத்தில் நின்றால் திறப்புக் கோணம் சுமார் 25 பாகை. பெனால்டி புள்ளியில் சுமார் 37 பாகை. நேர் எதிரே 6 மீட்டரில் அது 63 பாகையாக விரிகிறது. இப்போது என் அக்கா மகனின் வீரர் நின்ற இடத்துக்கு வருவோம்: கோல் கோட்டிலிருந்து 1 மீட்டர், கோலின் நடுவிலிருந்து பக்கவாட்டில் 10 மீட்டர். அங்கே திறப்புக் கோணம் 5 பாகைகூட இல்லை. கிட்டத்துக் கம்பத்திலிருந்து அவர் ஆறரை மீட்டர் தூரத்தில்தான் நிற்கிறார்; ஆனாலும் 16.5 மீட்டரில் நேரே நிற்பவருக்குத் தெரியும் கோலில் ஐந்தில் ஒரு பங்குதான் அவருக்குத் தெரிகிறது.

இதை இன்னும் அருகில் போய்ப் பார்க்கலாம். அவர் காலிலிருந்து எட்டத்துக் கம்பத்துக்கு ஒரு கயிறு கட்டினால், அந்தக் கயிறு கிட்டத்துக் கம்பத்தைக் கடக்கும்போது கம்பத்துக்கும் கயிற்றுக்கும் இடையே அரை மீட்டர் அளவுதான் இடைவெளி இருக்கும். பந்தின் குறுக்களவோ சுமார் 22 செ.மீ. கம்பத்தை ஒட்டிச் சும்மா நிற்கும் ஒரு மனித உடலே அந்த இடைவெளியை அடைத்துவிடும். கோல்கீப்பர் பாயவோ தாவவோ வேண்டியதில்லை. அவர் முழங்காலில் பந்து பட்டதற்குக் கணினியின் சதி எதுவும் காரணமன்று. அந்த இடைவெளியில் முழங்காலைத் தவிர வேறு இடமே இருக்கவில்லை.

சுருக்கமாக: கோல் கோட்டை நோக்கிப் பக்கவாட்டில் ஓடுபவருக்கு, கோட்டை நெருங்கியபின் தூரம் குறையக் குறையத் திறப்புக் கோணமும் குறைகிறது. நடுவில் ஓடுபவருக்குத்தான் தூரம் குறையக் கோணம் கூடுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதே குழப்பத்தின் வேர்.

கோல்கீப்பர் எப்படி யோசிக்கிறார்?

திரையில் உள்ள கோல்கீப்பர் மூன்று வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். பந்து இருக்கும் இடத்துக்கும் இரு கம்பங்களுக்கும் நடுவே, திறப்புக் கோணத்தை ஏறக்குறைய இரண்டாகப் பிரிக்கும் இடத்தில் போய் நிற்பது முதல் வேலை. பந்து உதைக்கப்பட்டதும், அது எங்கே வரும் என்று கணக்கிட்டு எதிர்வினை ஆற்றுவது இரண்டாவது. அதற்கேற்ற அசைவைத் தேர்ந்தெடுத்து உடலை நகர்த்துவது மூன்றாவது.

இந்த மூன்றிலும் நேரம் செலவாகிறது. நிஜ மனிதருக்குப் பார்த்ததற்கும் அசைவதற்கும் இடையே விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். விளையாட்டை வடிவமைப்பவர்களும் தங்கள் கோல்கீப்பருக்கு இப்படி ஒரு தாமதத்தை வைக்கிறார்கள். வைக்காவிட்டால் யாராலும் கோலே அடிக்க முடியாது. எதிர்வினைக்கென்று வீரருக்குத் தரப்படும் மதிப்பெண் உயர்ந்தால் இந்தத் தாமதம் குறையும்.

அசைவைப் பற்றி ஒரு வார்த்தை. வீடியோ கேமில் ஒரு வீரர் பாய்வது, திரும்புவது, எழுவது ஒவ்வொன்றும் முன்பே தயாரித்து வைத்த அசைவுத் துண்டு. இதை அனிமேஷன் என்கிறோம். இடப்பக்கம் பாயும் அனிமேஷன் தொடங்கிவிட்டால், அதைப் பாதியில் நிறுத்திவிட்டு உடனே வலப்பக்கம் பாய முடியாது. ஓடும் பேருந்திலிருந்து இறங்க ஒரு காலை வைத்துவிட்டவர், மனம் மாறினாலும் அந்தக் காலைச் சட்டென்று பின்னுக்கு இழுக்க முடியாததைப் போன்றது இது. கோல்கீப்பர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட அந்தக் கணம்தான், பந்தை வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் உண்மையான வாய்ப்பு. தூரத்தைக் குறைப்பதைவிட அந்தக் கணத்தை உருவாக்குவதே முக்கியம்.

ஷாட் அடிக்கும்போது கணினி என்ன செய்கிறது?

பட்டனை அழுத்தியதும் பந்து நாம் நினைத்த புள்ளிக்கு அப்படியே போய்விடுவதில்லை. முதலில் நாம் கண்ட்ரோலரின் குச்சியைச் சாய்த்த திசையிலிருந்து ஓர் இலக்கு முடிவாகிறது. புதியவர்கள் பெரும்பாலும் உதவி முறையில் ஆடுவார்கள். அதில் நாம் கொஞ்சம் தவறாகச் சாய்த்தாலும் கணினி இலக்கைக் கோலுக்குள் இழுத்து வைக்கும். அதன் பின் அந்த இலக்கில் ஒரு பிழை சேர்க்கப்படுகிறது.

இந்தப் பிழை குருட்டுத்தனமானதன்று. உதைப்பவரின் திறன் மதிப்பெண், அவர் வலது காலில் உதைக்கிறாரா பழக்கமில்லாத இடது காலிலா, உடல் கோலைப் பார்த்திருக்கிறதா வேறு பக்கம் திரும்பியிருக்கிறதா, முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறாரா, பக்கத்தில் தடுப்பாட்டக்காரர் தோளை உரசுகிறாரா, பந்து தரையில் உருண்டு வருகிறதா துள்ளி வருகிறதா என்பவை அந்தப் பிழையைப் பெரிதாக்கும் அல்லது சிறிதாக்கும். விளக்கிலிருந்து ஒளி விரிவதைப் போல, பந்து போகக்கூடிய திசைகள் காலிலிருந்து ஒரு கூம்பாக விரிகின்றன. இதற்குப் பிழைக் கூம்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். நல்ல நிலையில் உதைத்தால் கூம்பு ஒடுங்கும்; தடுமாறி உதைத்தால் அகலும்.

இங்கேதான் தூரம் உதவிக்கு வருகிறது. 5 பாகை பிழையோடு உதைத்த பந்து, 6 மீட்டர் தூரத்தில் இலக்கிலிருந்து அரை மீட்டர்தான் விலகும். 16.5 மீட்டரில் அது ஏறத்தாழ 1.45 மீட்டர், 25 மீட்டரில் 2 மீட்டருக்கும் மேல். ஆகவே, கோலுக்கு நேர் எதிரே அருகில் நிற்பவர் சுமாராக உதைத்தாலும் பந்து கோலுக்குள்தான் இருக்கும். ஆனால் கோட்டோரம் நிற்பவருக்குத் திறப்புக் கோணமே 5 பாகைதான். அவருடைய பிழைக் கூம்பு அதைவிட அகலமாக இருந்தால், கோல்கீப்பர் இல்லாமலேயே பல பந்துகள் வெளியே போய்விடும். முழு வேகத்தில் ஓடிவந்து, உடல் எல்லைக் கோட்டைப் பார்த்திருக்க, தோளில் ஒருவர் இடித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கூம்பு நிச்சயம் அகலமாகத்தான் இருக்கும்.

உதையின் வலுவைத் திரையில் காட்டும் ஆற்றல் பட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டனை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்கிறோமோ அவ்வளவு ஆற்றல் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆற்றல் பந்தின் வேகத்தோடு உயரத்தையும் கூட்டுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 6 மீட்டரில் நின்று பட்டையை முக்கால்வாசி நிரப்பினால் பந்து குறுக்குச் சட்டத்துக்கு மேலே பறப்பது இதனால்தான். மிக அருகில் இருக்கும்போது பட்டனை ஒரு தட்டு தட்டினால் போதும். பதற்றத்தில் விரல் பட்டனிலேயே தங்கிவிடுவதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு. நானும் பல மாதங்கள் இதையே செய்தேன்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: திறப்புக் கோணம் பிழைக் கூம்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், கோல்கீப்பர் அந்தத் திறப்பை அடைக்க நேரம் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றாக அமையும் இடத்தில்தான் கோல் விழுகிறது.

பின்னுக்குத் தள்ளும் பாஸ்

கோட்டோரம் நின்று உதைப்பது பயனற்றது என்றால், அங்கே ஏன் ஓட வேண்டும்? இதற்கான விடைதான் இந்தப் பொருளிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோட்டோரம் ஓடுவது கோல் அடிப்பதற்காக அன்று. கோல்கீப்பரையும் தடுப்பாட்டக்காரர்களையும் தவறான இடத்துக்கு இழுப்பதற்காக.

கோல் கோட்டுக்கு அருகிலிருந்து, பின்னால் வந்துகொண்டிருக்கும் தன் அணி வீரருக்குத் தரையோடு தள்ளிவிடும் பாஸுக்குக் கட்பேக் என்று பெயர். அதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். நம் வீரர் பழைய இடத்தில்தான் நிற்கிறார்: கோட்டிலிருந்து 1 மீட்டர், நடுவிலிருந்து 10 மீட்டர். கோல்கீப்பர் தன் விதிப்படி கிட்டத்துக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தடுப்பாட்டக்காரர்கள் தங்கள் கோலை நோக்கி முழு வேகத்தில் ஓடிவந்து சிறிய பெட்டிக்குள் குவிந்துவிட்டார்கள். அவர்கள் ஓடிவந்த வழி இப்போது காலி. கோலுக்கு நேர் எதிரே 9 மீட்டரில் நம் இரண்டாவது வீரர் வந்து நிற்கிறார். அவருக்கும் பந்துக்கும் இடையே சுமார் 13 மீட்டர்.

பாஸ் கிளம்புகிறது. விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போனால், பந்து அவரை அடைய 0.85 விநாடி ஆகும். விநாடிக்கு 60 படங்கள் காட்டும் திரையில் இது ஏறக்குறைய 50 படங்கள். இந்த இடைவெளியில் திறப்புக் கோணம் 5 பாகையிலிருந்து 44 பாகையாகிவிடுகிறது, ஒன்பது மடங்கு. கோல்கீப்பர் கிட்டத்துக் கம்பத்திலிருந்து கோலின் நடுவுக்கு மூன்றரை மீட்டர் நகர வேண்டும். எதிர்வினைத் தாமதம் போக அவர் நடுவுக்கு வந்துசேர்வதற்குள் பந்து மறுபடியும் காலை விட்டுக் கிளம்பிவிடும். அவர் உடல் இன்னும் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும்; அவர் விட்டுவந்த பக்கத்தில் பந்தை வைத்தால், திரும்பிப் பாயும் அனிமேஷனுக்கு நேரமே இல்லை.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டாவது வீரர் பந்தை நிறுத்தாமல் முதல் தொடுதலிலேயே உதைக்க வேண்டும். பந்தை நிறுத்தி, சரிசெய்து, பின் உதைத்தால் அரை விநாடி கூடுதலாகப் போகும். அந்த அரை விநாடியில் கோல்கீப்பர் நடுவுக்கு வந்து நின்றுவிடுவார், தடுப்பாட்டக்காரரும் திரும்பிவிடுவார். பாடுபட்டு வாங்கிய நேரத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்ததாகிவிடும்.

ஆஃப்சைடு பற்றிய தவறான எண்ணம்

"கோலுக்கு அவ்வளவு அருகில் நின்றவருக்குப் பாஸ் கொடுத்தால் ஆஃப்சைடு இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆஃப்சைடு நிலை என்பது, பாஸ் கிளம்பும் கணத்தில், எதிரணியின் பாதியில் நிற்கும் ஒருவர் பந்தைவிடவும், எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரைவிடவும் கோல் கோட்டுக்கு அருகில் இருப்பது. இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அது ஆஃப்சைடு நிலை. பந்தே கோட்டிலிருந்து 1 மீட்டரில் இருக்கும்போது, அதற்குப் பின்னால் நிற்கும் எவரும் ஆஃப்சைடு நிலையில் இருக்க முடியாது. அவருக்கு முன்னால் கோல்கீப்பர் மட்டுமே இருந்தாலும் சரி, யாருமே இல்லாவிட்டாலும் சரி. கோட்டோர ஓட்டத்தின் இன்னொரு பயன் இது. பந்து கோட்டை நெருங்க நெருங்க ஆஃப்சைடு என்ற கவலையே கரைந்துவிடுகிறது.

"ஸ்வெட்டி கோல்" என்ற வசை நியாயமா?

இணையத்தில் முகமறியாதவர்களோடு ஆடுபவர்கள், கோட்டோரம் ஓடிப் பக்கவாட்டில் தள்ளிப் போடும் கோலை "ஸ்வெட்டி கோல்" என்று குறைத்துப் பேசுவது வழக்கம். அழகை விட்டுவிட்டு வெற்றிக்காக மட்டும் வியர்வை சிந்துபவர் போடும் கோல் என்று பொருள். இந்தக் குறை நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

விளையாட்டின் ஓட்டையைப் பயன்படுத்துவதும், கால்பந்தின் இயல்பைப் பயன்படுத்துவதும் வேறுவேறு. 1993-இல் வெளிவந்த, ஃபிஃபா வீடியோ கேம் வரிசையின் முதல் விளையாட்டில் ஒரு பெயர்பெற்ற ஓட்டை இருந்தது: கையில் பந்தோடு நிற்கும் கோல்கீப்பருக்கு நேர் முன்னால் போய் நின்றுகொண்டால், அவர் உதைத்த பந்து நம் வீரர் மேல் பட்டுத் திரும்பி வலைக்குள் போய்விடும். அது மைதானத்தில் நடக்காத ஒன்று, நிரலின் பிழை. கட்பேக் அப்படியன்று. 2017-18 பருவத்தில் பெப் குவார்டியோலா பயிற்றுவித்த மான்செஸ்டர் சிட்டி அணி 100 புள்ளிகளும் 106 கோல்களும் எடுத்து இங்கிலாந்து பிரீமியர் லீக்கை வென்றபோது, லெராய் சானே இடது ஓரத்தில் ஓடிப் பந்தைத் தாழ்வாகக் குறுக்கே அனுப்ப, மறுபக்கத்திலிருந்து ரஹீம் ஸ்டெர்லிங் வந்து தட்டிவிடுவது அந்த அணியின் அடையாளக் காட்சிகளில் ஒன்றாக இருந்தது. அதைப் பார்த்து மகிழ்ந்த நாம், அதையே திரையில் செய்பவரைத் திட்டுவது பொருந்தாது. திரையில் கட்பேக் பலிக்கிறது என்றால், அந்த விளையாட்டு கால்பந்தின் வடிவியலைச் சரியாகக் கொண்டுவந்திருக்கிறது என்றே அர்த்தம்.

இதற்கு எண்ணாலும் சான்று உண்டு. ஒரு குறிப்பிட்ட நிலையிலிருந்து அடிக்கும் பந்து கோலாகும் வாய்ப்பை 0-க்கும் 1-க்கும் இடையே ஓர் எண்ணாகச் சொல்வதை எக்ஸ்ஜி என்கிறார்கள்; எதிர்பார்க்கத்தக்க கோல் என்று பொருள். தூரமும் கோணமும் அதன் அடிப்படை. பெனால்டி உதைக்கு அது முக்காலை ஒட்டியிருக்கும். ஆட்டம் முடிந்தபின் வரும் புள்ளிவிவரத் திரையில் இந்த எண்ணைக் காட்டும் விளையாட்டுகளில், பத்து ஷாட் அடித்தும் உங்கள் எக்ஸ்ஜி 1-ஐக் கூடத் தாண்டவில்லை என்றால், கோல்கீப்பரைத் திட்டுவதற்கு முன் எங்கிருந்தெல்லாம் உதைத்தீர்கள் என்று பாருங்கள்.

கையில் கண்ட்ரோலர் இருக்கும்போது

கோட்டோரம் போனதும் முதலில் வேகப் பட்டனை விடுங்கள். முழு வேகத்தில் ஓடும் வீரர் கொடுக்கும் பாஸிலும் பிழை கூடுகிறது. பந்தும் காலிலிருந்து தூரமாகத் துள்ளி எல்லையைத் தாண்டிவிடும். ஓர் அடி நிதானித்தால், இரண்டாவது வீரர் வந்து சேரவும் நேரம் கிடைக்கும். புதியவர்கள் அங்கே பழக்கத்தால் உயரமாகத் தூக்கி அனுப்பும் கிராஸ் பட்டனை அழுத்துகிறார்கள். உயரப் பந்து காற்றில் தங்கும் நேரமெல்லாம் கோல்கீப்பருக்குக் கிடைத்த நேரம். பாஸ் பட்டனால் தரையோடு அனுப்புவதே பெரும்பாலும் மேல்.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பார்வை வேண்டும். கணினி இயக்கும் நம் அணி வீரர்கள் பெரும்பாலும் கோலை நோக்கி ஓடிவிடுவார்கள். அவர்களோடு தடுப்பாட்டக்காரர்களும் ஓடுவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் அனுப்பும் பந்து யார் காலிலாவது பட்டுவிடும். முன்களத்தில் முதலில் ஓடியவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் தாமதமாக வரும் நடுக்கள வீரரைத் தேடுங்கள். பெனால்டி புள்ளியைச் சுற்றி யார் இருக்கிறார் என்று ஓடும்போதே ஒரு முறை கண்ணை ஓட்டிவிட வேண்டும். கோட்டை அடைந்தபின் தேடினால் நேரம் கடந்துவிடும்.

எதிராளி இதையே உங்களுக்குச் செய்யும்போது, கோட்டோரம் ஓடுபவரைத் துரத்த நடுத் தடுப்பாட்டக்காரரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். ஓரத் தடுப்பாட்டக்காரர் அந்த வேலையைப் பார்க்கட்டும். நீங்கள் ஒரு நடுக்கள வீரரைத் தேர்ந்தெடுத்துப் பெனால்டி புள்ளிக்கும் பந்துக்கும் இடைப்பட்ட வழியில் கொண்டுபோய் நிறுத்துங்கள். அந்த 5 பாகைக் கீற்றில் அவர் உதைக்க விரும்பினால் உதைக்கட்டும். அதைப் பார்த்துக்கொள்ளக் கோல்கீப்பர் இருக்கிறார். நீங்கள் மறிக்க வேண்டியது பாஸின் வழியை.

என் அக்கா மகன் அன்று மாலையே இதை முயன்றான். ஐந்தாவது முறை கோட்டோரம் போனபோது நின்றான், திரும்பினான், தள்ளினான். பந்து தாமதமாக வந்த நடுக்கள வீரரின் காலுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அவன் பட்டனை அழுத்திப் பிடித்துவிட்டதால் குறுக்குச் சட்டத்துக்கு மேலே பறந்தது. ஆறாவது முறை ஒரு தட்டு மட்டும் தட்டினான். கோல்கீப்பர் இன்னும் கிட்டத்துக் கம்பத்திலிருந்து நடுவுக்கு ஓடிக்கொண்டிருந்தார். பந்து அவர் முதுகுப் பக்கமாக உருண்டு வலையைத் தொட்டது.